ஆடை படிந்த தேநீர்

காலை பதினொரு மணிக்கு மேசைமேல் வைத்துவிட்டுப் போன தேநீரை இன்று நான் கையில் எடுத்தபோது மணி பன்னிரண்டரை. மேலே ஆடை படிந்து, தம்ளரின் விளிம்பில் பழுப்பு வளையம் ஒன்று காய்ந்திருந்தது.

இடையில் யார் யாருக்குப் பதில் எழுதினேன் என்பதும் நினைவில்லை.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய, செய்வதில் முழுக் கவனம் வைக்கப் பழக்கும் மனவிழிப்புப் பயிற்சி 8 வாரங்கள் கொண்டது. அதையொட்டிய வகுப்பு ஒன்றை எங்கள் அலுவலகத்திலும் சென்ற ஆண்டு நடத்தினார்கள். ஒன்பதாவது வாரமே நான் பழையபடி ஆகிவிட்டேன்.

பிரான்சிலுள்ள பிளம் வில்லேஜ் பௌத்த மடத்தில் மணி ஒலித்தால், பாத்திரம் கழுவுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பார். தொலைபேசி மணிக்கும் அங்கே அதே வழக்கம்தான்.

எங்களிடம் கோயில் மணி இல்லை, ஓயாமல் அலறும் தொலைபேசி இருக்கிறது.

நாளை முதல் அதை மூன்றாவது மணியில்தான் எடுப்பதாக இருக்கிறேன்.