கிப்பர் மலையும் காஸா நாய்களும்

பிப்ரவரி 10, மயூர் விஹார், டெல்லி

பெட்டி கட்டியாகிவிட்டது. துணிமணியை விட கேமரா பேட்டரிதான் அதிகம். மைனஸ் இருபதில் எது எப்போது உயிரை விடும் என்று சொல்ல முடியாது. மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

"மனுஷன் இருக்க முடியாத இடத்துக்கு எதுக்குடா போற?" என்று அம்மா வழக்கம்போலக் கேட்டார். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் அம்மா, பனிச்சிறுத்தை பிழைத்திருப்பதே அவர்களால்தான் என்றேன். சமாதானம் ஆகவில்லை. மிளகுப்பொடி டப்பா ஒன்று பையில் ஏறியது.

குன்ஸும் கணவாய் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் என்பதால் மணாலி வழி இல்லை. ஷிம்லா, கின்னௌர், நாக்கோ, தாபோ என்று சுற்றித்தான் ஹிமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் காஸா போக வேண்டும்.

பிப்ரவரி 14, கிப்பர்

காஸாவுக்கு மேலே ஒரு மலைக் கிராமம். கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டர் இருக்கும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இன்று வேலை எதுவும் வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். அடுப்பங்கரையிலேயே பொழுது போனது.

வீட்டுக்காரப் பெரியவர் பழைய கதை சொன்னார். முன்பெல்லாம் பட்டிக்குள் சிறுத்தை புகுந்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகள் போய்விடும். ஊரே கொதிக்கும். 1990களின் இறுதியில், வனவிலங்கு ஆய்வாளர் சாருதத் மிஸ்ராவும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காரர்களும் ஊரோடு பேசிப் பேசி, மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென்று விட்டுவிடச் செய்தார்கள். அங்கே பாரல் ஆடுகள் பெருகின. 2002-இல் கால்நடைக் காப்பீடும் வந்தது. ஊராரே தவணை கட்டி, ஊராரே நடத்துவது. சிறுத்தை அடித்தால் பணம் உண்டு என்றானதும் பழிவாங்கும் எண்ணம் தணிந்தது.

நம் ஊரில் சரணாலயம் என்றால் ஆட்களை வெளியேற்றுவதிலிருந்துதான் பேச்சு தொடங்கும். இங்கே மேய்ப்பவர்களே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இவர்களை வணங்கத் தோன்றுகிறது.

பிப்ரவரி 16, கிப்பர்

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

காலையில் எதிர்ச்சரிவில் பாரல்கள் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் தலைதூக்கி ஒரே பக்கம் பார்த்தன. வழிகாட்டி தொலைநோக்கியை அங்கே திருப்பி, சத்தமில்லாமல் என் தோளைத் தொட்டார். ஒரு பாறை விளிம்புக்குக் கீழே சிறுத்தை. முந்தின இரவு அடித்த பாரலின் பக்கத்தில் படுத்திருந்தது. வெறுங்கண்ணுக்குப் பாறைதான் தெரியும். லென்ஸில் பார்த்தால் மூக்கைச் சுற்றி ரத்தம், உடம்பைச் சுற்றி அந்தப் பெரிய வால். எங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே கிடந்தது. அந்தத் தூரம் போதும். கிட்டே போனால் அது இரையை விட்டுவிட்டு எழுந்து போய்விடும். பாறையில் வேட்டையாடுவதற்குச் செலவான பலத்தைத் திரும்பத் தேற்ற அதற்கு அந்த இறைச்சி முழுவதும் வேண்டும்.

மதியம் போல நாய்கள் வந்தன. கீழிருந்து வரிசையாக, பனியில் தடம் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு. சிறுத்தை எழுந்து நின்றது. காதை மடக்கி, பல்லைக் காட்டியது. முன்னால் வந்த கறுப்பு நாய் பின்வாங்கவில்லை, மற்றவை பக்கவாட்டில் பிரிந்தன. அவ்வளவுதான். சிறுத்தை திரும்பி, அவசரமே இல்லாததுபோல் மேலே ஏறி மறைந்தது. நாய்கள் பாரலைக் கிழித்துத் தின்றன. மேலே ஒரு தாடிப் பாறுக் கழுகு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

வழிகாட்டிக்கு இது புதிதில்லை. கோடையில் காஸாவில் ஓட்டல்கள் நிரம்பி வழியும், எச்சில் இலை, கோழி எலும்பு, பிஸ்கட் என்று நாய்களுக்கு விருந்து. குட்டிகள் பெருகும். அக்டோபரில் ஓட்டல்களைப் பூட்டிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள், நாய்கள் மட்டும் தங்கிவிடும். பசி வந்தால் கூட்டம் சேர்ந்து மலையேறும். போன மாதம் பெரியவரின் மூன்று ஆடுகளைக் கொன்றது சிறுத்தை இல்லை, இந்த நாய்கள்.

பிப்ரவரி 17

பனி. கேமராவை வீட்டுக்குள் கொண்டுவரும்போது பையின் ஜிப்பைத் திறக்காமல் ஓரமாக வைத்தேன். சூடு மெல்ல ஏறாவிட்டால் லென்ஸுக்குள்ளே நீர் கோத்துவிடும்.

பிப்ரவரி 24, மயூர் விஹார்

படங்களை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். சிறுத்தை படம் அட்டைக்கு வேண்டுமாம், நாய்ப் படங்கள் வேண்டாமாம். "வாசகர்களுக்கு மனசு கஷ்டமாயிடும் சார்."

2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள பனிச்சிறுத்தைகள் 718. அதில் 477 லடாக்கில். இந்தக் கொஞ்சத்திலும் ஒன்று தன் இரையை நாய்களிடம் பறிகொடுப்பதை மறைத்துவிட்டு அதன் அழகை மட்டும் அச்சடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன். இடத்தின் பெயரும் பள்ளத்தாக்கின் அடையாளமும் படத்தில் இருக்கக் கூடாது என்றும் சேர்த்தேன்.

மார்ச் 1, ஆர்.கே. புரம்

நண்பர் வீட்டில் படங்களைப் போட்டுக் காட்டினேன். நாய்ப் படம் வந்தபோது ஒரு மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார், அப்புறம் அவரே அதிகம் கேள்வி கேட்டார். நாய்களைச் சுட வேண்டுமா என்றார். வேண்டாம், அதுவும் நாம் வளர்த்த உயிர்தான், கருத்தடையும் குப்பையை ஒழுங்காக மூடி வைப்பதும் ஒன்றாக நடந்தால்தான் எண்ணிக்கை குறையும் என்றேன்.

ஜூனில் ஸ்பிதி போகத் திட்டமிட்டிருக்கும் ஒரு குடும்பம் கடைசி வரை உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு மிச்சத்தை வழியில் போடாமல் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவரும்படியும், தங்கப்போகும் விடுதியில் சமையல் கழிவு எங்கே போகிறது என்று முன்பதிவுக்கு முன்னாலேயே கேட்கும்படியும் சொன்னேன். அவர்கள் பையன் அங்கேயே விடுதிக்குப் போன் போட்டுவிட்டான்.