எனக்கு இப்போலித்ததான் பிடிச்சுது

ரஷ்யால ஒவ்வொரு நியூ இயருக்கும் டிவில போடுற படம்னு கேள்விப்பட்டு, டைரக்டர் எல்தார் ரியசானோவோட 'ஐரனி ஆஃப் ஃபேட்' பாத்தேன். 3 மணி நேரம், ரெண்டு பார்ட்டு. 1976 ஜனவரி 1ல மொத தடவ ஒளிபரப்பானது, நான் பாத்தது போன வாரம், சப்டைட்டில் புண்ணியத்துல.

ஹீரோ ஷேன்யா மாஸ்கோல டாக்டர். டிசம்பர் 31 அன்னிக்கு ஃப்ரெண்ட்ஸோட நீராவிக் குளியலுக்குப் போயி மூக்குமுட்டக் குடிச்சு, நம்மள்ல இன்னிக்கு ஊருக்குப் போறவன் எவன்டான்னே ஞாபகம் இல்லாம இவரப் பிடிச்சு ஃப்ளைட்ல ஏத்தி விட்டுடுறானுங்க. எறங்குனது லெனின்கிராட்னு தெரியாமலே டாக்ஸில ஏறி வீட்டு அட்ரஸச் சொல்றாரு, 3வது பில்டர்ஸ் தெரு, 25ம் நம்பர் பில்டிங், 12ம் நம்பர் ஃப்ளாட், அங்கயும் அதே தெரு, அதே பில்டிங், சாவி வேற பொருந்துது, போயி படுத்துடுறாரு.

ரொம்ப ஓவருன்னு தோணும்ல? ஆனா எல்லா ஊரு பில்டிங்கும் ஏன் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்ல ஆரம்பத்துலயே ஒரு கார்ட்டூன் வருது. ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் தூணு பால்கனின்னு ஆசையா வரஞ்ச பில்டிங்க ஒவ்வொரு ஆபீசரா வெட்டி வெட்டி வெறும் தீப்பெட்டியா ஆக்கிடுறாங்க, அப்புறம் தீப்பெட்டிங்க வரிசையா நடந்து பாலைவனம், கடற்கரைன்னு ஒலகம் பூரா போயி நிக்குது. ஆனா பல குடும்பம் ஒரே கிச்சன்ல மல்லுக்கட்டுன காலத்துக்கு அப்புறம், ஃபேக்டரில வார்த்த பேனல்ல கட்டுன இந்த தனி ஃப்ளாட்டு அந்தக் கால சோவியத் ஜனங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம், அதனால கிண்டல்லயும் ஒரு பாசம் தெரியுது.

அந்த லெனின்கிராட் ஃப்ளாட்டுக்காரி நாத்யாவா வர்ற பார்பரா பிரில்ஸ்கா போலந்துக்காரங்க, பேச்சு ஒருத்தர் குரல், பாட்டு அல்லா புகச்சோவா குரல். நமக்கு இது பழகுனதுதான்.

சரி, என் பிரச்சன ஷேன்யாதான். அடுத்தவ வீட்டுல பேண்ட் இல்லாம தூங்கி எந்திரிச்சு, அவ கட்டிக்கப்போற இப்போலித்தோட போட்டோவ ஜன்னல் வழியா தூக்கிப் போடுறான், இத லவ்னு சொல்றாங்க. பாவம் இப்போலித், கிஃப்டோட சாப்பிட வந்த மனுஷன். கடைசில குடிச்சுட்டு வந்து, நீங்க செஞ்ச மீன் ஜெல்லி கண்றாவின்னு சொல்லிட்டு, ஓவர்கோட்டு ஃபர் தொப்பியோடவே ஷவருக்கு அடில நிக்குறாரு. அதுக்கு நடுவுல, நாமெல்லாம் நல்ல முட்டாள்தனம் எதையும் பண்றதையே நிறுத்திட்டோம், பிரியமானவளோட ஜன்னல்ல ஏறுறதில்லன்னு புலம்புறாரு பாருங்க, நான் பாஸ் பண்ணி ரெண்டு தடவ பாத்தேன்.

ஸ்பாய்லர்தான், 50 வருஷப் படம், பரவால்ல. ஷேன்யா மறந்துட்டு வந்த பையக் குடுக்க நாத்யா மாஸ்கோவுக்கே வந்துடுறா, அவ சாவி அந்தக் கதவையும் தெறக்குது. எல்லாரும் உருகுற எடம். எனக்கு மட்டும், ஷேன்யாவுக்குப் பேசி வச்சிருந்த கால்யா அந்த ராத்திரிய எப்படி ஓட்டிருப்பான்னு ஒரே யோசன.