வெள்ளை இன்னும் காயவில்லை

நவம்பர் 9

சர்க்கரை 247. கண் புரையை அறுக்க மதுரையில் தேதி கொடுக்கவில்லை. குறைத்துக்கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் திருப்பத்தூர் வரை ஒரு கண்ணைப் பொத்துவதும் மறு கண்ணைப் பொத்துவதுமாக வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 10

கேன்வாஸ் இரண்டுக்கும் ப்ரைமர், இரண்டாவது கோட். மழை. காயவில்லை.

நவம்பர் 12

ஆச்சி வீடு. ஆச்சியின் நாய் கப்பல் இல்லாத முகப்பில் செருப்பைக் கழற்றவே ஒரு மாதிரி இருந்தது. முன்னெல்லாம் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். போனில் நாலு போட்டோ காட்டினார்கள். மூன்று ஆடிப்போனவை. நாலாவது ராத்திரி பல்பு வெளிச்சத்தில் எடுத்தது. ராஜபாளையத்து வெள்ளை அதில் டீ கொட்டின வேட்டி மாதிரி இருக்கிறது.

"தம்பி, அவன் மூக்கு ரோஸா இருக்கும். கறுப்பாப் போட்டுறாதே."

"தெரியும் ஆச்சி."

"நோன்புக்குப் பிள்ளைக எல்லாம் வர்றாக. அதுக்குள்ள முடிச்சிரு."

பிள்ளையார் நோன்பு, கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள். மாட்ட இடமும் காட்டினார்கள், சரஸ்வதிப் படத்துக்குப் பக்கத்தில். ரவிவர்மா 1894இல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகத்துப் படம் அது. காகிதம் பழுத்துவிட்டது, அந்த வெள்ளைச் சேலை இப்போது சந்தனம். ஆச்சிக்கு அப்படி. எனக்கு வலது கண்ணில் சேலை, சுண்ணாம்புச் சுவர், ஆச்சியின் தலைமுடி எல்லாமே சந்தனம்தான்.

நவம்பர் 14

ஹோட்டல்காரர் போன். கடல் படத்தில் பெரிய அலை வேண்டுமாம். "கோவா மாதிரி."

நவம்பர் 16

கோவாவுக்கு நான் போனதில்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய்வந்தேன். இரண்டு பஸ், ஒரு குடை, ஒரு நோட்டு.

அலை எங்கே இருக்கிறது இங்கே? இந்தப் பக்கத்துக் கடலைப் 'பெண் கடல்' என்பார்கள். குளம் மாதிரி கிடக்கும். இன்று வாடைக் காற்றில் கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். கரையோரம் செம்மண் கரைத்த தண்ணீர், அதற்கப்பால் பாசிப் பச்சை, அதற்கும் அப்பால் ஈயம். நீலமே கிடையாது. கரை முழுக்கக் கடற்புல் கறுத்துக் கிடந்தது, நாலு வத்தைப் படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. நுரை என்று பார்த்தால் கடுக்கன் கம்பி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டையே ஒரு மணி நேரம் பார்த்தேன். அது வெள்ளையே இல்லை. வரும்போது பச்சை, உடையும்போது ஒரு நொடி பளிச், வடியும்போது மண் நிறம்.

எழுதிக்கொண்டேன். என் கண்ணை நம்பி இல்லை, பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த பையனைக் கேட்டு எழுதிக்கொண்டேன். "இது என்ன கலர் தம்பி?" மூன்றாவது தடவை கேட்டபோது சிரித்தான். "ஐயா, தண்ணி கலர்."

நவம்பர் 17

அடிவானத்துக்கு நூல் பிடித்துக் கோடு போட்டேன். ஒரு நூல் சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும். பர்ன்ட் அம்பர் பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து அடி கோட். இந்த ஒரு கலருக்கு மழைக்காலத்திலும் நாணயம் உண்டு, மறுநாளே காய்ந்துவிடும். அதில் இருக்கிற மாங்கனீசு செய்கிற வேலை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் அந்தக் குணம் இல்லை, வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நவம்பர் 19

சர்க்கரை 221. இட்லி இரண்டு. சட்னி கிடையாது என்கிறாள் வீட்டுக்காரி.

நவம்பர் 20

மூன்று நாளாக நுரை வைத்தேன். கத்தியால் எடுத்து, ஒரே இழுப்பில், தொடாமல். நன்றாக வந்துவிட்டதென்று இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்னங்க, துணிக்குச் சொட்டு நீலம் அதிகமாப் போன மாதிரி இருக்கு?"

வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. கரை முழுக்க நீலம். அதுவும் நல்ல நீலம் இல்லை, ஸ்கூல் சட்டைக் காலர் நீலம்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் பிடிபட்டது. பொருளை எதிரே வைத்து வரைந்தால் தப்பு வராது. பொருளும் மஞ்சளாகத் தெரியும், படமும் மஞ்சளாகத் தெரியும், இரண்டும் ஒத்துப்போகும். மனசில் இருக்கிற வெள்ளையைத் தேடிப் போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன். மனசில் இருப்பது புரை வராத வெள்ளை. அதைப் பிடிக்க அல்ட்ராமரீன் நீலத்தின் மேல் நீலமாகக் கலந்திருக்கிறேன்.

தொண்டிக் கடலை மடியில் கட்டிக்கொண்டு வர முடியாது. கப்பலோ தோட்டத்தில் மண்ணுக்குள் இருக்கிறான்.

நவம்பர் 21

முழுக்கச் சுரண்டினேன். 120 மில்லி டைட்டானியம் வெள்ளை ட்யூபில் பாதி போச்சு.

நவம்பர் 23

மூலையில் சுருட்டிப் போட்ட துணியைத் தொட்டேன், சுட்டது. லின்சீட் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதே, எண்ணெய் காற்றை இழுக்கும், சூடாகும், தானே பற்றிக்கொள்ளும் என்று பேனர் கொட்டகையில் வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நாற்பது வருஷம் மறக்கவில்லை. இப்போது மறந்திருக்கிறேன். வாளித் தண்ணீரில் முக்கிவிட்டேன். இவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 26

பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் புரை என்று சொன்னார்களாம். கத்திக்குப் பயந்து பத்து வருஷத்துக்கு மேல் தள்ளினார். 1923இல் வலது கண்ணைத்தான் அறுத்தார்கள், அப்போது வயது 82. அவர் பயந்து தள்ளினார். என்னைச் சர்க்கரை தள்ளுகிறது.

நவம்பர் 28

கப்பல். பேனர் காலத்து வழக்கப்படி கட்டம் போட்டு ஏற்றியாகிவிட்டது. காதில் அந்தக் கிழிசலும் இருக்கிறது. முடியை ஒவ்வொன்றாக இழுக்கக்கூடாது, இழுத்தால் துடைப்பம்தான் வரும். முதலில் திரள், பிறகு நிழல், முடி என்பது கடைசியில் ஓரத்தில் மட்டும், பன்றிமுடி பிரஷ்ஷைக் காய வைத்து ஒரு தட்டு.

நிழலில் நின்றுபோனேன். வெள்ளை நாயின் வயிற்று நிழலுக்கு என்ன நிறம்? கறுப்பை வெள்ளையில் கலந்து சாம்பல் போட்டால் நாய் செத்துவிடும். (எழுதியபிறகுதான் பார்க்கிறேன். இருக்கட்டும்.)

ஆச்சி வீட்டுக்கே போய்விட்டேன். அவன் படுக்கிற இடத்தில், ஆத்தங்குடிக் கல்லின்மேல் ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டி நாய் மாதிரியே வைத்தேன். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை, காப்பி மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல். துண்டின் அடிப்பக்கத்தில் தரைச் சிவப்பு ஏறியிருந்தது. ஓரத்தில் பூப்போட்ட கல்லின் பச்சை, லேசாக. இரண்டு கண்ணாலும் பார்த்தேன், இரண்டிலும் சிவப்பு சிவப்புதான். புரை அதைத் தொடவில்லை.

எழுந்து வரும்போது துண்டை எடுக்கப் போனேன். "கெடக்கட்டும் தம்பி" என்றார்கள்.

நவம்பர் 29

வயிறு வந்துவிட்டது. பர்ன்ட் சியன்னாச் செம்பழுப்பு ஒரு குண்டூசித் தலை அளவு.

டிசம்பர் 1

சர்க்கரை 183.

டிசம்பர் 3

கார்த்திகை. தெரு முழுக்க அகல். வலது கண்ணில் ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வட்டம். எதிர் வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு விளக்கு. எனக்குப் பன்னிரண்டு நிலா. அறுத்த பிறகு இது தெரியாது. யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

டிசம்பர் 7

கண். இரண்டு நாளாகக் கண்.

வளவில் படுத்திருக்கும்போது எடுத்த போட்டோ அது. வளவின் நடு முற்றம் மேலே திறந்திருக்குமே, அந்த நீள்சதுர வானம் அவன் கண்ணுக்குள் ஒரு பொட்டாக விழுந்திருக்கும், பகலாக இருந்தால். போட்டோவில் இருப்பது பல்பு, வட்டமாக. வட்டத்தைப் போடவில்லை. சாய்ந்த சதுரம் ஒன்று வைத்தேன், அரிசிக் குருணை அளவு, சுத்த வெள்ளை இல்லை, நீலம் ஒரு துளி. இங்கே நீலம் வேண்டும், வானம்தானே. வைத்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இவளையும் கேட்டேன். பேப்பர் போடுகிறவரையும் கேட்டேன்.

டிசம்பர் 8

ஹோட்டல்காரர் வந்து பார்த்தார். அலை எங்கே என்றார். தொண்டி என்றேன். விலையில் இரண்டாயிரம் குறைத்தார். சரி.

டிசம்பர் 11

158. தேதி கொடுத்துவிட்டார்கள். 17, காலை.

டிசம்பர் 13

ஆச்சி போன். காய்ந்துவிட்டதா என்று. உடம்பு காய்ந்துவிட்டது, மார்பில் கனமாக வைத்த வெள்ளை விரலில் ஒட்டுகிறது. நோன்பன்று அப்படியே மாட்டலாம், பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வார்னிஷ் ஆறு மாதம் கழித்து நானே வந்து அடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஆறு மாசமா? நான் இருக்கணுமே தம்பி."

"இருப்பீக ஆச்சி."

டிசம்பர் 16

பை கட்டியாகிவிட்டது. கப்பலை ஜன்னலுக்கு எதிரே வைத்திருக்கிறேன். இருட்டில் வைத்தால் லின்சீட் மஞ்சளாகும். தூசி விழுகிறதென்று சுவர்ப் பக்கம் திருப்பிவிடாதே, துணி போட்டு மூடாதே என்று இவளிடம் இரண்டு தடவை சொன்னேன். அவளும்தான் என்னோடு மதுரைக்கு வருகிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. சாவியைப் பையனிடம் கொடுத்திருக்கிறோம். அவனிடம் சொல்ல வேண்டும். முதல் பஸ் 5.10.