பருத்திக்குள்ள கெடந்த ஆட்டுப் புழுக்கை

பருத்தி அரவை மில்லுல சேர்ந்து ரெண்டாவது வாரம் இருக்கும், 1993 வைகாசி. சாக்க அவுத்து கொட்டி பருத்திய கெளறி, சருகு, குச்சி, கொட்டுப்பருத்தி எல்லாத்தையும் கையால பொறுக்கி தனியா போடணும், அது தான் எனக்கு குடுத்த வேலை. அப்படி பொறுக்கிட்டு இருக்கும்போது பருத்திக்கு நடுவுல காஞ்ச ஆட்டுப் புழுக்கை நாலஞ்சு கெடந்துச்சு. மேஸ்திரி பார்த்துட்டு, கீழ உதுந்தத எல்லாம் கூட்டி அள்ளிட்டு வந்துருக்கான்யா, தூக்கி எறின்னு சத்தம் போட்டாரு. நான் அத உள்ளங்கையில வெச்சுகிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். பருத்தி எடுத்து முடிச்ச காட்டுல ஆட்ட மேய விட்டுருக்காங்க, ஆடு இலைய தின்னுட்டு போன பெறகு மிச்சம் மீதிய பொறுக்கி சாக்குல போட்டுருக்காங்கன்னு பார்த்த ஒடனே தெரிஞ்சுது. எப்படி தெரியாம போகும், பொறந்ததுல இருந்து பருத்திக் காட்டுல கெடந்தவன், அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஆட்டுக்கு பின்னாடி நடந்தவன். விவசாயம், ஆடு, மில்லுன்னு வாழ்க்கையில மூணு வேலை பார்த்துருக்கேன், கேக்குறவங்க எல்லாம் அடிக்கடி வேலை மாத்துனவன்னு தான் நெனைப்பாங்க. எனக்கு என்னமோ அது ஒரே வேலையா தான் தெரியுது, அத தான் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

எங்க ஊரு அருப்புக்கோட்டைக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவுல இருக்கு. அப்பாவுக்கு நாலு ஏக்கர், எல்லாம் கரிசல், மானாவாரி. கோடையில மண்ணு வெடிச்சு கெடக்கும், வெடிப்புக்குள்ள என் கை முட்டி வரைக்கும் போகும், மழை பேஞ்சா அதே மண்ணு செருப்ப உருவிக்கும். புரட்டாசி கடைசியில மழைய எதிர்பார்த்து புழுதியிலயே வெதைக்கிறது தான் அப்பாவோட பழக்கம். பருத்திக் கொட்டையில பஞ்சு ஒட்டிகிட்டு இருக்கும்ல, ஒண்ணோட ஒண்ணு சிக்கி கையில இருந்து விழவே விழாது, அதனால மொத நாளே சாணிய கரைச்சு அதுல பெரட்டி காய வெச்சுருவாங்க, அதுக்கப்புறம் கொட்டை தனித்தனியா உருளும். அத பெரட்டுறது என் வேலை. அப்ப எங்க பக்கம் கருங்கண்ணி தான் நெறைய, நாட்டுப் பருத்தி, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-லயே வந்துருச்சு, அங்க இருந்து கே வரிசையில ரகம் விடுவாங்க. தண்ணியே இல்லாம கரிசல் ஈரத்துலயே நிக்கும் அந்தச் செடி. கூடவே உளுந்தும் பாசியும் ஊடுபயிரா போகும், பருத்தி ஏமாத்துனா கூட கஞ்சிக்கு பாத்துக்கலாம்.

பருத்தி எடுக்குறது பொம்பளைங்க வேலைன்னு சொல்லுவாங்க ஆனா எனக்கு கத்துக் குடுத்ததே எங்கம்மா தான். விடியக்காலம் பனி இருக்கும்போதே காட்டுக்குள்ள எறங்கிரணும். ஏன்னா வெயில் ஏறுனா காயோட அடியில இருக்குற அந்த எலை மாதிரி ஓடு மொறுமொறுன்னு ஆயிரும், தொட்டாலே நொறுங்கி பஞ்சுல ஒட்டிக்கும், அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. பனியில அது நனைஞ்சு மெத்துனு இருக்கும், மூணு வெரல உள்ள விட்டு ஒரு சுண்டு சுண்டுனா ஓடு செடியிலயே நிக்கும், பருத்தி மட்டும் கைக்கு வந்துரும். பத்து மணிக்கு மேல அம்மா எடுக்க மாட்டா, வீட்டுக்கு வந்து நெழல்ல பரப்பி ஒணத்துவா. மில்லுக்கு போன பெறகு தான் தெரிஞ்சுது, எங்கம்மா எடுத்த மாதிரி சுத்தமான பருத்திக்கு தான் அங்க தனி வெலை பேசுறாங்கன்னு. ஆனா அந்த வெலை எங்க வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்ல, நடுவுல வாங்குற யாவாரி எல்லாத்துக்கும் ஒரே வெலை தான் போட்டான். அது இன்னமும் எனக்கு வலிக்கிற விஷயம்.

ரெண்டு வருஷம் சேர்ந்தாப்ல மழை ஏமாத்திருச்சு, வீட்டுல கடன். எங்க தாய்மாமா கீதாரியா, அதாவது ஆட்டு மந்தைக்கு தலைவரா இருந்தாக, சொந்த ஆடும் வேலை ஆளுகளோட ஆடும் சேர்த்து இருநூறுக்கு மேல. 1988-ல, எனக்கு அப்ப பதினஞ்சு வயசு, என்ன கூட்டிட்டு போயிட்டாக. வருஷத்துக்கு இவ்வளவுன்னு சம்பளம், சாப்பாடு, கடைசியில ரெண்டு பொட்டைக் குட்டி. எல்லாம் வெம்பூர் செம்மறி ஆடு, எங்க ஊருக்கு பக்கத்துல இருக்குற அதே வெம்பூர் பேரு தான், வெள்ளை ஒடம்புல செவப்பா பொட்டு பொட்டா இருக்கும், அதனால பொட்டு ஆடுன்னும் சொல்லுவோம். இது கம்பளி ஆடு கெடையாது, கட்டையான முடி தான். எங்களுக்கு வருமானம்னா குட்டியும் கிடையும் தான்.

கிடைன்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன். பகல்ல மேய்ச்சு, ராத்திரி ஒரு சம்சாரி, அதாவது விவசாயி நெலத்துல வலை கட்டி ஆட்ட அடைப்போம், ராத்திரி பூரா அதுக போடுற புழுக்கையும் மூத்திரமும் அந்த நெலத்துக்கு உரம், அதுக்கு கூலி பேசுவோம், சில பேரு காசு, சில பேரு நெல்லு. மறுநாள் வலைய பக்கத்துல மாத்திக் கட்டணும், ஒரு எடம் கூட விடாம சீரா விழணும். கிடை எடுத்ததும் சீக்கிரம் உழுதுரணும், வெயில்ல கெடந்தா சத்து போயிரும்னு மாமா சம்சாரிகிட்ட சண்டையே போடுவாக. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு சொலவடையே இருக்கு, அது சத்தியமான பேச்சு, நான் ரெண்டையும் எங்க நெலத்துல பார்த்துருக்கேன்.

தை மாசம் சம்பா அறுப்பு முடியவும் தஞ்சாவூர் பக்கம் நடக்க ஆரம்பிப்போம். ரோட்டோரம், கம்மாக்கரை, சீமைக்கருவேலம் நெத்து, அறுத்த தாளுன்னு மேய்ச்சுகிட்டே நடந்து பட்டுக்கோட்டை, மன்னார்குடி வரைக்கும் போவோம். வழக்கமா ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணைய தொறப்பாங்க, தண்ணி வர்றதுக்குள்ள வயல விட்டு வெளிய வந்துரணும், அது தான் எங்களுக்கு காலண்டர்.

ஒரு சித்திரை மாசம் ராத்திரி, மன்னார்குடிக்கு கெழக்க, கோடை மழை புடிச்சுகிச்சு. செம்மறிக்கு ஒரு கொணம் உண்டு, குளிருனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடையும், அடியில சிக்குன குட்டி மூச்சு முட்டி செத்துரும். பச்சைக் குட்டிங்கள கூட்டுல போட்டு மூடி வெச்சுருந்தோம் ஆனா வயலுக்குள்ள தண்ணி ஏறி கூடே மெதக்க ஆரம்பிச்சுருச்சு. மாமா கத்துறாக, "மாப்ள, ஒக்கார விடாத, எழுப்பிகிட்டே இரு, எழுப்பிகிட்டே இரு". இருட்டு, கையில ஒரு டார்ச்சு, அதுவும் மங்கிருச்சு, குட்டிகள வேட்டியில கட்டி தோள்ல போட்டுகிட்டு வாய்க்காக் கரைக்கு ஏத்துறோம், திரும்ப எறங்குறோம், எத்தன தடவைன்னு தெரியல. விடிஞ்சு எண்ணுனா ஏழு குட்டி இல்ல. மாமா ஒரு வார்த்தை பேசல, செத்த குட்டிகள ஒண்ணொண்ணா பார்த்து எது எந்த தாயோடதுன்னு சொல்லிகிட்டே வந்தாக, ஒண்ணு கூட தப்பல, இருநூறு ஆட்டுல.

அன்னைக்கே இன்னொரு வேலை நடந்துச்சு. தாய் செத்த குட்டி ஒண்ணு முன்னாடியே எங்ககிட்ட இருந்துச்சு, குட்டி செத்த ஒரு ஆட்ட புடிச்சு, அதோட பால பீச்சி அந்த அனாதைக் குட்டி மேல முதுகு, வாலு எல்லாம் தடவுனாக. ஆடு மோந்து பார்க்கும், மொதல்ல முட்டித் தள்ளும், காலப் புடிச்சுகிட்டு ஊட்ட விடணும். மூணு நாள் நான் தான் புடிச்சேன். நாலாவது நாள் அதுவே குட்டிய தேடி கத்துச்சு. அந்த சத்தத்த கேட்டப்ப எனக்கு வந்த சந்தோஷம் மாதிரி மில்லுல போனஸ் வாங்குன அன்னைக்கு கூட வந்ததில்ல.

அப்புறம் தங்கச்சி கல்யாணம், மாசா மாசம் காசு வேணும்னு ஜின்னிங் மில்லுக்கு வந்தேன். எங்க ஊரு ஆளுக அரவை மில்லுன்னு சொல்லுவாக. பருத்திய மெசின்ல போட்டா தோல் உருளை பஞ்ச புடிச்சு இழுக்கும், பக்கத்துல ஒரு கத்தி நிலையா நிக்கும், இன்னொரு கத்தி மேலயும் கீழயும் அடிச்சு கொட்டைய தள்ளி விடும், பஞ்சு ஒரு பக்கம் கொட்டை ஒரு பக்கம். நூறு கிலோ பருத்தி போட்டா பஞ்சு மூணுல ஒரு பங்கு தான், மிச்சம் கொட்டை, அது எண்ணெய்க்கும் மாட்டுக்கும் போகும். பஞ்ச அமுக்கி 170 கிலோ பேலா கட்டி நூல் மில்லுக்கு அனுப்புவோம்.

அங்க பருத்தி தரம் பார்க்குற பெரியவர் ஒருத்தர் இருந்தாரு, அவரு தான் எனக்கு வாத்தியார். சாக்குக்குள்ள கைய விட்டு அடியில இருந்து ஒரு பிடி எடுப்பாரு, மேல இருக்குறத பார்க்கவே மாட்டாரு. மொதல்ல ஒரு கொட்டைய பல்லுல வெச்சு கடிப்பாரு, டக்குனு ஒடைஞ்சா காஞ்ச பருத்தி, நசுங்குனா ஈரம். அப்புறம் ஒரு சிட்டிகை பஞ்ச ரெண்டு கை வெரலுக்கும் நடுவுல புடிச்சு மெல்ல இழுப்பாரு, ரெண்டா பிரியும், ஒண்ணு மேல ஒண்ண வெச்சு திரும்ப இழுப்பாரு, அஞ்சாறு தடவைக்கு அப்புறம் இழை எல்லாம் சீவுன முடி மாதிரி நேரா படிஞ்சு நிக்கும், அத அவரு போட்டுருக்குற கலர் வேட்டி மேல வெச்சு நீளம் சொல்லுவாரு. கருங்கண்ணி கட்டையா நிக்கும், எம்சியு 5-ன்னு ஒரு ரகம், அது நீளமா பளபளன்னு நிக்கும். எனக்கு அது கைக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு. இழுக்கும்போது இழை அறுபடுற சத்தத்த காதுல வெச்சு கேளுப்பா, வலு தெரியும்னு சொல்லுவாரு. எங்க மாமா குட்டிய பார்த்து தாய சொன்ன மாதிரியே தான் இதுவும். ஏட்டுல எழுதி வெக்காத படிப்பு.

மில்லு வேலையில எனக்கு ஆறாத ஒரு விஷயம் இருக்கு. 1996-ல ஒரு நைட் ஷிப்ட், உருளையில பருத்தி அடைச்சுகிச்சு. மெசின நிறுத்தி தான் எடுக்கணும், ஆனா நிறுத்துனா அன்னைக்கு அரவை கொறையும், கொறைஞ்சா மேஸ்திரி ஏசுவாரு, அதனால எல்லாருமே ஓட்டத்துலயே கைய விடுவோம். என் கூட நின்ன அண்ணாச்சிக்கு ரெண்டு வெரல் போயிருச்சு. பஞ்சு செவந்து வந்தத நான் பார்த்தேன். அவருக்கு ஆஸ்பத்திரி செலவு மட்டும் குடுத்து, ஆறு மாசம் கழிச்சு வேலை இல்லன்னுட்டாங்க. அவரு பேரு வருகைப் பதிவேட்டுலயே இல்லையாம், எங்க பாதி பேரு பேரும் இல்ல. அப்ப வாய தொறந்து கேட்டுருக்கணும், எங்க யாருக்கும் தைரியம் வரல, தங்கச்சி கல்யாணக் கடன் எனக்கு.

1997 ஐப்பசி கார்த்திகையில மாமா கிட்ட இருந்து ஆள் வந்துச்சு. நீலநாக்கு நோய். மழைக்காலத்துல சின்ன கொசு மாதிரி ஒரு பூச்சி கடிச்சு பரவுறது, ஒதடு வீங்கும், நாக்கு நீலமாகும், கால நொண்டும், மேயாது. அந்த வருஷம் தமிழ்நாடு பூரா ஏகப்பட்ட ஆடு போச்சு. லீவு போட்டுட்டு போனேன், கம்பங்கஞ்சிய கரைச்சு ஒவ்வொரு ஆட்டு வாயிலயும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனோம், வாய்ப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். பாதிக்கு மேல நிக்கல. நான் மூணு நாள் புடிச்சு ஊட்ட விட்ட அந்தக் குட்டி, பெரிய ஆடா ஆகி நாலஞ்சு ஈத்து ஈன்டுருந்துச்சு, அதுவும் போச்சு. இப்ப தடுப்பூசி இருக்கு, மழைக்கு முன்னாடியே போட்டுருங்கன்னு எங்க ஊர்ல ஆடு வெச்சுருக்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

மில்லு மெல்ல படுத்துச்சு. 2000-ல மத்திய அரசு பருத்தி தொழில்நுட்ப இயக்கம் கொண்டு வந்து, ஜின்னிங் மில்ல எல்லாம் நவீனமாக்க உதவி குடுத்தாங்க, பெரிய மில்லுக மாறுச்சு, எங்களது மாறல. 2002-ல மரபணு மாத்துன பிடி பருத்தி வந்துச்சு, நூல் மில்லுக குஜராத், மகாராஷ்டிரா பஞ்ச அதிகமா எறக்க ஆரம்பிச்சாங்க, எங்க கரிசல்ல மக்காச்சோளம் ஏறுச்சு. கருங்கண்ணி வர்ற சாக்கு வருஷத்துக்கு வருஷம் கொறைஞ்சு, கடைசியில அந்தப் பெரியவர் வராத ஒரு சீசன்ல மில்லும் தொறக்கல. நான் நாலு ஏக்கருக்கே திரும்பிட்டேன்.

இப்ப ரெண்டு ஏக்கர்ல மக்காச்சோளம், ரெண்டு ஏக்கர்ல பருத்தி, அதுல அரை ஏக்கர் கருங்கண்ணி, வெதை பக்கத்து ஊரு சம்சாரிகிட்ட கேட்டு வாங்குனது. லாபம் பெருசா இல்ல, அந்த செடி எங்க மண்ணுல நிக்கிறத பார்க்கணும், அவ்வளவு தான். எடுக்குறப்ப பனியிலயே எடுக்கணும், பிளாஸ்டிக் சாக்குல போடாதீங்க, அந்த நூலு பஞ்சுல கலந்தா சாயம் ஏறாதுன்னு எடுக்க வர்ற பொம்பளைங்ககிட்ட சொல்லுவேன், அவங்களும் கேக்குறாங்க, மதியத்துக்குள்ள எடுத்து முடிச்சா கூலி கொறைக்க மாட்டேன்னு மொதல்லயே சொல்லிருவேன்.

மாமா இப்ப இல்ல. மாமா மகன் தான் மந்தை வெச்சுருக்கான், எண்பது ஆடு, செல்போன்ல பேசி கிடை புடிக்கிறான். முந்தாநாள்ல இருந்து எங்க காட்டுல கிடை. நேத்து ராத்திரி நானும் அவனோட கட்டில போட்டு படுத்துகிட்டேன், ஆட்டு மூத்திர வாசம், மேல நட்சத்திரம், நடுராத்திரி ஒரு குட்டி தாய காணாம கத்துச்சு, ரெண்டு பேருமே ஒண்ணா எந்திரிச்சுட்டோம். கருங்கண்ணி போடுற அரை ஏக்கருக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கு. நாளன்னைக்கு காலையில டிராக்டர் வருது, அதுக்குள்ள வலைய கழட்டணும்.