எடை கூடினால் கலோரியும் கூடுமா?

இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும்போது அது முதலில் கேட்கும் விவரங்களில் ஒன்று நம் உடல் எடை. பயிற்சியில் செலவாகும் கலோரியைக் கடிகாரம் கணக்கிடும்போது அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று தேடிப் பார்த்தபோது, நான் எதிர்பாராத ஒரு கழித்தல் குறி கண்ணில் பட்டது.

துடிப்பையே பார்க்காமல் நடைக்கு மட்டும் கணக்குப் போட்டால் எல்லாம் எளிது. ஓரளவு விரைவான நடைக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 4 கலோரி என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் 60 கிலோ உள்ளவருக்கு 120, 80 கிலோ உள்ளவருக்கு 160. எடை எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் கலோரியும் கூடுகிறது.

துடிப்பு உள்ளே வந்துவிட்டால் கதை மாறுகிறது. 2005இல் கீட்டலும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரம் இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. துடிப்பு, எடை, வயது, பாலினம் ஆகிய நான்கையும் கொண்டு அது செலவாகும் ஆற்றலை மதிப்பிடுகிறது. நிமிடத்துக்கு 140 துடிப்போடு அரை மணி நேரம் பயிற்சி செய்யும் 40 வயது ஆணுக்கு, எடை 60 கிலோ என்றால் ஏறக்குறைய 382 கலோரி, 80 கிலோ என்றால் 410. எடை மூன்றில் ஒரு பங்கு கூடியும் விடை எட்டு சதவீதம்கூடக் கூடவில்லை. அதே வயதில், அதே துடிப்பில் இருக்கும் பெண்ணுக்கோ 60 கிலோவுக்கு 270, 80 கிலோவுக்கு 251! பெண்களுக்கான சூத்திரத்தில் எடைக்கு முன்னால் நிற்பது கழித்தல் குறி.

முதலில் அச்சுப்பிழை என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. ஒரே வேகத்தில் நடக்கும்போது, சுமக்கும் எடை கூடக் கூட இதயம் விரைந்து துடிப்பதால், எடையின் பாதிப்பில் ஒரு பகுதி துடிப்பின் எண்ணிக்கைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எஞ்சியிருப்பது, ஒவ்வொரு துடிப்பிலும் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதுதான். கூடியிருக்கும் எடை தசையாக இருந்தால் அந்த அளவு உயரக்கூடும். கொழுப்பாக இருந்து உடல் தகுதியும் குறைவாக இருந்தால், ஏறிய துடிப்புக்கு ஏற்ற ஆக்சிஜன் செலவாவதில்லை. அதே ஆய்வாளர்கள் தந்த மற்றொரு சூத்திரத்தில் உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டையும் சேர்த்ததும், பெண்களுக்கும் எடையின் குறி கூட்டலாக மாறிவிடுவது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

எந்தக் கடிகாரம் எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது என்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியிலோ மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

ஆகவே கடிகாரத்தில் பழைய எடை பதிந்திருக்கிறதே என்று ஓரிரு கிலோவுக்காகக் கவலைப்படுவதை நான் விட்டுவிட்டேன். மேலே சொன்ன ஆண்களுக்கான சூத்திரத்தின்படி ஒரு கிலோ மாறினால் அரை மணி நேரத்தில் ஒன்றரைக் கலோரிகூட மாறாது. மாறாக, சித்திரை வெயிலோ, நீர் குறைந்த உடலோ, வெறும் பதற்றமோ துடிப்பைப் பத்து கூட்டிவிட்டால், செய்யாத வேலைக்கு ஏறக்குறைய 45 கலோரி கணக்கில் ஏறிவிடும். எடைப் பதிவில் முப்பது கிலோவுக்கும் மேல் தவறு செய்தால்தான் அவ்வளவு வித்தியாசம் வரும்.