மெடிக்கல் ஆயின்மென்ட்டும் அரைஞாண் கயிறும்

போன சித்திரையில் இடுப்பில் ஒரு வட்டம் வந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடுவில் தோல் சும்மா இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி அயர்ன் செக்‌ஷனில் நிற்பவனுக்கு வியர்வை புதிதா என்ன? வேர்க்குரு என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் தொடை இடுக்குக்கு இறங்கியது. ராத்திரித் தூக்கம் போனது.

மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றேன். ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே அரிப்பு அடங்கி, சிவப்பும் மங்கிவிட்டது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வரும், முன்னைவிட அகலமாக. மறுபடி டியூப். இப்படியே நாலு மாசம், ஏழு டியூப்.

அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா உடம்பைப் பார்க்கும் முன்பே டியூபைக் கேட்டார். பொடி எழுத்தில் க்ளோபெட்டசால் என்று இருந்ததைக் காட்டினார். வீரியமான ஸ்டீராய்டாம். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு ஏழு முறையும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வட்டத்தின் ஓரத்தை மழுங்கல் பிளேடால் சுரண்டி, விழுந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார். அது தோலின் கெரட்டின் என்ற புரதத்தைக் கரைத்துவிடும், பூஞ்சையைக் கரைக்காது. "நீங்களே பாருங்க" என்று மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். கலங்கலுக்கு நடுவே கிளை கிளையாக இழைகள். வெட்டிய பனியன் துணியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல் மாதிரியே இருந்தது.

படர்தாமரைதான். நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் செல் மேலேறி உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். அந்தச் செத்த அடுக்கின் கெரட்டின்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு. சிவப்பும் அரிப்பும் உடம்பு அதோடு போடும் சண்டை. ஸ்டீராய்டு சண்டையை மட்டும் நிறுத்தியிருக்கிறது. காவல் நாயின் வாயைக் கட்டினால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே?

ரத்தத்தில் கல்லீரல் பார்த்துவிட்டு, பூஞ்சைக்கான இட்ராகொனசோல் மாத்திரை எழுதினார். வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் போட வேண்டும். எனக்கு அடிக்கடி கேஸ் மாத்திரை போடும் பழக்கம். வயிற்றில் அமிலம் குறைந்தால் மருந்து ஒழுங்காகச் சேராது என்று அதை நிறுத்தச் சொன்னார். ஸ்டீராய்டு இல்லாத களிம்பை வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் தள்ளியும் பூச வேண்டும். முதல் வாரம் நரகம். டியூபை நிறுத்தியதும் அடக்கி வைத்திருந்த அரிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

கடைசியாக ஒன்று சொன்னார்: "அரைஞாண் கயிறைக் கழட்டிடுங்க." ஈரம் காயாத கயிற்றில் உதிர்ந்த செதிலோடு பூஞ்சை தங்கிவிடுமாம். மாத்திரை விழுங்குவதைவிட அம்மாவைச் சமாளித்ததுதான் பெரும்பாடு. "உசுரோட இருக்கிற ஆம்பள இடுப்புல கயிறு இல்லாம இருக்கலாமாடா?" என்று அழாத குறை. வெள்ளிக்கொடியாவது போடு என்றார். குணமாகட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

வீட்டில் எல்லோரையும் கூட்டிவரச் சொன்னதில், மனைவிக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அதே வட்டம். கூச்சத்தில் சொல்லாமலே இருந்திருக்கிறாள். இருவருக்கும் ஒரே துண்டு. அன்றிலிருந்து ஆளுக்கொரு துண்டு. உள்ளாடைகளைத் தனியாக வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, உள்பக்கம் திருப்பி அயர்ன் பண்ணுவது என் வேலை. தொழில் அங்கே கைகொடுத்தது.

ஆறாவது வாரம் வட்டங்கள் மறைந்தன. மறைந்த பிறகும் இரண்டு வாரம் மருந்தை விடவில்லை. தொடை இடுக்கில் ஸ்டீராய்டு இழுத்துவிட்ட வெள்ளைக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, போகாதாம். அம்மா வெள்ளிக்கொடி வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் நினைவுபடுத்துகிறார்.