ஜனவரிச் சேவல்கள்

அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் என்னும் கோழியினக் காட்டுப்பறவையின் வேட்டை சீசன் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. அன்றைக்கு மோட்டலில் அறை கிடைப்பதே கஷ்டம். எனக்கு அந்தக் கூட்டத்தைவிடக் கடைசி மாதம்தான் பிடிக்கும். சீசன் ஜனவரி 31 வரை இருந்தும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் பலர் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

இந்நேரம் மிஞ்சியிருக்கும் சேவல்கள் லேசுப்பட்டவை அல்ல. அக்டோபரில் இளஞ்சேவல் காலடியில் வரும்வரை பதுங்கியிருக்கும், இப்போதோ வண்டிக் கதவுச் சத்தம் கேட்டாலே புதருக்குள் ஓடி, மறுமுனையில் எட்டாத தூரத்தில் எழும்பிவிடும். அதனால் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள், நாயைப் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். காற்றுக்கு எதிராக நடந்தால் நாய்க்கு மோப்பம் கிடைக்கும், நம் சத்தமும் முன்னால் போகாது. இரண்டு பேர் என்றால் ஒருவர் சுற்றிப் போய் மறுமுனையில் முதலிலேயே நின்றுவிட வேண்டும்.

எங்கே தேடுவது? மக்காச்சோளம் அறுவடை ஆகிவிட்டது, புல்லைப் பனி அமுக்கிவிட்டது, மிச்சம் இருப்பது சம்பங்கோரை மண்டிய சதுப்புகள்தான். அக்டோபரில் கால் வைக்க முடியாத சேறு இப்போது உறைந்து கிடப்பதால் உள்ளே நடக்கலாம், ஆனால் மஸ்க்ராட் என்னும் நீர் எலியின் கூடுகளைச் சுற்றி பனிக்கட்டி மெலிதாக இருக்கும், அங்கே மட்டும் ஒதுங்கியே போங்கள். காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது. சூரியன் மறையும் வரை அனுமதி உண்டு, அதில் கடைசி ஒரு மணி நேரம்தான் எனக்கு முக்கியம், மேய்ந்த பறவைகள் அடைய வருவது அப்போதுதான்.

தூரம் கூடுவதால் நான் 6ஆம் எண் ரவையை விட்டு, அதைவிடப் பெரிய 4ஆம் எண்ணுக்கு மாறிவிடுவேன். மத்திய அரசின் நீர்ப்பறவை நிலங்களில் ஈய ரவைக்குத் தடை, எஃகு எடுத்துப் போக வேண்டும். சிறகு மட்டும் ஒடிந்து விழும் சேவல் ஓடி மறைந்துவிடும். தேடிப் பிடிக்க நல்ல நாய் இல்லாதவர்கள் தூரத்துப் பறவையைச் சுடவே வேண்டாம், அடிபட்டுப் பனியில் கிடந்து சாகும் பறவையை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 3 சேவல், பெட்டையைத் தொடக்கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால், சேவல்கள் குறைந்தாலும் அடுத்த வருஷக் குஞ்சுகள் குறைவதில்லை. குளிர்காலத்தில் இரண்டும் ஒரே கோரைக்குள் கூட்டமாக ஒண்டியிருக்கும், மங்கிய வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பாகத் தெரியும். வாலை மட்டும் நம்பாதீர்கள். கழுத்தின் வெள்ளை வளையமோ சேவலின் கரகரப்புக் கூவலோ உறுதியாகும் வரை விரலை விசைக்குக் கொண்டுபோகவே கூடாது.

பனிப்புயல் அடித்த கையோடு மட்டும் நான் போவதில்லை. சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அந்தக் கோரைதான் பெட்டைகளுக்கு இருக்கும் ஒரே ஒதுங்கிடம், அங்கிருந்து விரட்டினால் திறந்த வெளியில் காற்றில் நின்று உடம்புக் கொழுப்பைக் கரைக்க வேண்டியதுதான். வெயில் வந்து அவை மறுபடி வயலுக்கு மேயக் கிளம்பட்டும், அப்புறம் போகலாம்.